துரை மேட்டுக்குத் தார் வேண்டாம்

மதிப்பிற்குரிய மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும், பொறியியல் பிரிவு அதிகாரிகளுக்கும், எங்கள் வட்டாரக் கவுன்சிலர் தம்பிக்கும் வணக்கம்.

இந்த மடலின் மலாய்ப் பிரதியைப் போன திங்கட்கிழமையே உங்கள் அலுவலக முகப்பில் கொடுத்துவிட்டேன். முத்திரை குத்திய ரசீது கையில் இருக்கிறது. அதையே தமிழில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் ஊர்க்காரர்களும் படிக்கட்டும், நான் சொல்வது தப்பென்றால் ஒட்டுக்கடையில் என்னைப் பிடித்துக் கேட்கட்டும். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் ஊர் மானம் போகும் என்று வீட்டில் உத்தரவு. அடிவாரத்தில் இரண்டு வரிசைக் கடை, ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு போலீஸ் நிலையம், சுற்றிலும் செம்பனை. மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இப்படி எத்தனையோ ஊர் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் எது என்று தெரிந்தால் போதும்.

எங்கள் வீடுகளுக்கும் கோயிலுக்கும் ஏறுகிற துரை மேட்டுச் சாலையின் அடியில் நீங்கள் வைத்திருக்கிற அறிவிப்பைப் பார்த்தேன். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத் தார் போடப்போகிறீர்கள், தைப்பூசத்துக்கு முன் வேலை முடியும் என்று இருக்கிறது. மனமார்ந்த நன்றி. ஆனால் தயவுசெய்து போடாதீர்கள். நன்றியும் சொல்லி வேண்டாம் என்றும் சொன்னால் கிறுக்கு என்று நினைப்பீர்கள், அதனால்தான் இவ்வளவு நீளமான மடல்.

நான் தோட்டத்து லோரியை 31 ஆண்டு ஓட்டியவன். உரம், செம்பனைக் குலை, திருவிழாக் காலத்தில் சாமி, வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ என்று எல்லாவற்றையும் அந்த மேட்டில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அப்போது அது செம்மண் பாதை. மலை உச்சியில் பெரிய துரையின் பங்களா. அவர் ஜீப் ஏறுவதற்கு வெட்டிய பாதை என்பதால் வளைத்து நெளித்துப் போட யாரும் மெனக்கெடவில்லை. நேரே மேலே, பலாமரத்தடியில் ஒரே ஒரு வளைவு, மறுபடி நேரே மேலே. பினாங்குக் கொடிமலையில் துரைமாருக்கு 1923-லேயே மலை ரயில் ஓடியது. எங்கள் துரைக்கு அந்த யோகம் இல்லை, ஜீப்தான். துரை போனார், தோட்டம் துண்டுதுண்டாகக் கைமாறியது, பங்களாவில் இப்போது வௌவால் குடியிருக்கிறது. மேட்டில் முருகன் கோயிலும் லயத்திலிருந்து வந்தவர்களுக்குக் கட்டிய பதினொரு வீடுகளும் மிச்சம். அதில் ஒன்று என்னுடையது.

பாதை மன்றத்தின் கைக்கு வந்ததிலிருந்து தார்தான். கடந்த ஒன்பது ஆண்டில் நான்கு முறை போட்டாகிவிட்டது, நடுவில் போட்ட ஒட்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் முதல் இரண்டு மாதம் பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் பங்குனி வெயில் வரும். மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பலாமரத்தைத் தாண்டி நடந்து பாருங்கள். சிலிப்பர் தாரில் ஒட்டும். காலைத் தூக்கினால் கால் மட்டும் வரும், சிலிப்பர் அங்கேயே நிற்கும். மேலே இருக்கிற தார் மெல்ல மெல்ல இறங்கி, வளைவுக்குக் கீழே வந்து, கஞ்சி போட்ட வேட்டியைக் கசக்கின மாதிரி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துவிடுகிறது. மேலே கல் பல்லைக் காட்டும், கீழே தார் திட்டு மோட்டாரைத் தூக்கிப் போடும். ரோட் ரோலரும் அந்தச் சரிவில் ஒழுங்காக ஏறி அழுத்துவதில்லை. பாதிக்கு மேல் கையால் தட்டிவிட்டுப் போகிறார்கள், நான் நின்று பார்த்திருக்கிறேன். சாயங்கால மழை வந்தால் கதை வேறு. ஓரத்துக் கால்வாய் பாதி தூர்ந்து கிடப்பதால் தண்ணீர் சாலை நடுவிலேயே ஓடி, தளர்ந்த கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் அக்கம்பக்கம் பார்க்காமல் எல்லாக் கடை வாசலிலும் கொட்டும்.

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன், என் பக்கத்து வீட்டு அக்கா சந்தைக்கு இறங்கினார். எழுபதைத் தாண்டியவர். தார் வழுக்கிப் போன இடத்தில் பாசி பிடித்திருந்தது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை, கால் வைக்க ஒரு படி இல்லை. உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கிப் போய்க் கால்வாய்க் கட்டில் இடித்து நின்றார். இடுப்பெலும்பு. இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார், வீட்டுக்குள் மட்டும். கீழே கடைத்தெருவைப் பார்த்து எட்டு மாதமாகிறது. நானே கேஸ் தோம்பை மோட்டாரில் கட்டிக்கொண்டு ஏறும்போது ஒருமுறை பின்னோக்கி வந்திருக்கிறேன், அந்தக் கதையை இங்கே எழுதினால் வீட்டில் மோட்டார் சாவியை வாங்கி வைத்துவிடுவார்கள்.

இப்போது எதற்காக இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொல்கிறேன். போன ஜனவரியில் நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊருக்குப் போயிருந்தேன். என் இரண்டாவது மகள் அங்கே தாதி வேலை பார்க்கிறாள். பேத்தி பிறந்த நேரம். போய் நாலாம் நாள் மருமகன், 'மாமா, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு இடம் இருக்கிறது' என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். நான் கோயிலாக்கும் என்று நினைத்து வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு தெருமுனையில். பால்ட்வின் தெரு. உலகத்திலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானது.

தெரு 350 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்ப்பாதி சாதாரணமாக ஏறுகிறது, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் எதிரே சாலை சுவர் மாதிரி நிற்கிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 100 மீட்டர் போனால் 35 மீட்டர் ஏறும் கணக்கு. இருபக்கமும் சாதாரண மனிதர்கள் குடியிருக்கிற வீடுகள். வேலியைப் பார்த்தால் ஒரு முனை இடுப்பளவு, மறுமுனை தலைக்கு மேல். வந்தவர்கள் எல்லாரும் கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்து, சாலை சமமாகவும் வீடு மண்ணில் புதைந்தது போலவும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் காரிலேயே ஏறலாம் என்றார். வேண்டாம் என்றேன். பிரேக் மீது எனக்கு நம்பிக்கை உண்டு, அடுத்தவர் பிரேக் மீது கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே ஏறினோம். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஒரு சீனப் பாட்டி என்னைத் தாண்டிப் போனார், அதை மட்டும் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

எல்லாரும் வீட்டைப் படமெடுக்க, நான் குனிந்து சாலையைப் பார்த்தேன். பழக்க தோஷம். கீழ்ப்பாதியில் தார். செங்குத்து தொடங்குகிற இடத்திலிருந்து உச்சி வரை கான்கிரீட். ஏன் என்று மருமகனிடம் கேட்டேன், அவர் கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினார்: தார் போட்டால் வெயில் நாளில் உருகிக் கீழே இறங்கிவிடும், குளிர்காலத்தில் உறைபனி விழுந்தால் வழுக்கும், பராமரிக்கவும் கான்கிரீட்தான் சுலபம். தலைவர் அவர்களே, டனீடினில் கோடைக்காலத்துச் சராசரி உச்ச வெப்பம் 20 டிகிரியை எட்டாது. ஜனவரியில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த ஊர் வெயிலுக்கே தார் இறங்கும் என்று பயந்து கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் நிழலிலேயே 33 டிகிரி, சாலையில் முட்டையை உடைத்து ஊற்றினால் பசியாறிவிடலாம். இங்கே நாம் ஐந்தாம் முறையாகத் தார் ஊற்றப்போகிறோம்.

அங்கே கவனித்த இன்னொன்று, நடைபாதை. மேலே போகப் போக ஒரு பக்கத்து நடைபாதை படிகளாக மாறிவிடுகிறது. சரிவில் நடக்க முடியாதவர் படியில் ஏறலாம். உச்சியில் ஒரு குடிநீர்க் குழாய். அவ்வளவுதான். பெரிய செலவு எதுவும் கண்ணில் படவில்லை.

அந்தத் தெரு ஏன் அப்படி ஆனது என்ற கதையும் நம் கதை மாதிரியே இருக்கிறது. 1848-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. மலை எங்கே பள்ளம் எங்கே என்று பார்க்காமல் காகிதத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுத் தெரு வகுத்திருக்கிறார்கள், ஒரு கோடு மலை மேல் ஏறிவிட்டது. பால்ட்வின் என்பவர் அந்த மாகாண மன்றத்தில் உறுப்பினராக இருந்தவராம், அந்த நிலத்தைப் பிரித்து விற்றதால் அவர் பெயர். கவுன்சிலர் தம்பி கவனிக்க: நல்ல சாலை போட்டால் பெயர் நிற்கும்.

தம்பியிடம் ஒரு சின்னச் சண்டையும் பாக்கி இருக்கிறது. போன மாதம் பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், மேட்டின் அடியில் 'மலேசியாவின் மிகச் செங்குத்தான சாலை' என்று பலகை வைக்கலாம், படம் எடுக்க ஒரு மேடை கட்டலாம், கடைகளுக்கு வியாபாரம் வரும் என்றீர்கள். இளைஞர்கள் கை தட்டினார்கள். '45 டிகிரி இருக்கும் அங்கிள்' என்று ஒரு பையன் என்னிடமே சொன்னான். பால்ட்வின் தெருவே 19 டிகிரிதான் ராஜா. 45 டிகிரி என்றால் ஆடுதான் ஏறும்.

சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று என் தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கொத்து வேலைக்கு வைத்திருக்கிற ரசமட்டம், சரியாக ஒரு மீட்டர் நீளப் பலகை, ஒரு அளவு நாடா. பலகையின் ஒரு முனையைச் சாலையில் வைத்து, மறுமுனையைத் தூக்கிக்கொண்டே வந்து, ரசமட்டத்துக் குமிழி நடுவில் வந்து நிற்கும்போது அந்த முனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். 20 சென்டிமீட்டர் என்றால் 20 விழுக்காடு. கோயிலுக்குக் கீழே 24 வந்தது. பலாமரத்து வளைவில் சாலையின் நடுவில் வைத்தால் 27. வளைவின் உள்பக்க ஓரத்தில் வைத்தால் 33! தங்கை மகன் துள்ளிக் குதித்தான். நான் பலகையை மறுபடி நடுவுக்கே தள்ளி வைத்தேன்.

இதே சண்டைதான் 2019-ல் உலக அளவில் நடந்தது. வேல்ஸ் நாட்டில் ஹார்லெக் என்ற ஊரில் ஒரு வளைந்த தெரு, எங்களுடையது 37.45 விழுக்காடு என்று சொல்லிப் பால்ட்வின் தெருவிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. டனீடின்காரர்கள் விடவில்லை. டோபி ஸ்டாஃப் என்ற நில அளவையாளர் முன்னின்று மறு பரிசீலனை கேட்டார். வளைவில் உள்பக்கம் ஒரு கணக்கு, வெளிப்பக்கம் ஒரு கணக்கு வரும், அதனால் தெருவின் நடுக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்பது அவர் வாதம். நடுக்கோட்டில் அளந்தபோது டனீடின் 34.8, ஹார்லெக் 28.6. 2020 ஏப்ரலில் பட்டம் திரும்பிவிட்டது. ஆக நம் மேடு 27. இந்த நாட்டில் இதைவிடச் செங்குத்தான சாலை எங்காவது ஒரு மலையில் இருக்காது என்று யார் சொன்னது? பொய்ப் பலகை வேண்டாம் தம்பி.

மெய்ப் பலகை என்றாலும் நான் யோசிப்பேன். பால்ட்வின் தெருவில் 1988-ல் ஏறி இறங்கும் ஓட்டப்பந்தயம் தொடங்கினார்கள். 2002 முதல் ஆண்டுக்கொரு முறை ஆயிரக்கணக்கான ஜாஃபா மிட்டாய்களை உச்சியிலிருந்து உருட்டிவிட்டு, எது முதலில் கீழே வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள், நன்கொடை திரட்ட. அந்த மிட்டாயைச் செய்த அந்த ஊர் கேட்பரி ஆலை 2018-ல் மூடியதோடு அதுவும் போயிற்று. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே தெருவில் 2001-ல் இரண்டு மாணவிகள் நள்ளிரவுக்கு மேல் சக்கரம் வைத்த குப்பைத் தோம்புக்குள் உட்கார்ந்து சறுக்கி வந்து, நிறுத்தியிருந்த ட்ரெயிலரில் மோதி, ஒரு பெண் இறந்துபோனாள். பத்தொன்பது வயது. நம் பையன்கள் இன்றைக்கே ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டாரை நியூட்ரலில் போட்டு, விளக்கை அணைத்து, மேட்டிலிருந்து கடைத்தெரு வரை விடுகிறார்கள். என் ஜன்னல் வழியாகத்தான் போகிறார்கள், எந்த வீட்டுப் பையன் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. பலகையும் மேடையும் வைத்தால் பக்கத்து ஊரில் மோட்டார் பந்தயம் விடுகிற ரெம்பிட் பையன்களும் வந்துவிடுவார்கள்.

அதனால் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். பலாமரத்து வளைவுக்கு இருபது அடி கீழே தொடங்கிக் கோயில் வாசல் வரை கான்கிரீட். அதற்குக் கீழே வேண்டுமானால் தார் போட்டுக்கொள்ளுங்கள், அங்கே சரிவு குறைவு. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே கட்டைத் துடைப்பத்தால் சாலைக்குக் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். வழவழவென்று பூசிவிட்டால் தாரை விட மோசம். தோட்டத்தில் டிராக்டர் ஏறும் சரிவுகளுக்கு நாங்கள் அப்படித்தான் போட்டோம். துரை மேட்டுக்குப் பின்னால், பழைய ரப்பர் கொட்டகைப் பக்கம் போனால் ஒன்று இன்னும் இருக்கிறது, டயர் பிடிப்பு இன்னும் போகவில்லை.

இடதுபக்கம் படி. ஒரு ஆள் ஏற ஒரு ஆள் இறங்க இடம் இருந்தால் போதும், கூடவே ஒரு கைப்பிடிக் கம்பி. படி என்றால் எங்களுக்குப் பயம் இல்லை. பத்துமலையில் 272 படி, பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிற ஜனம். எங்கள் அக்காவும் படியாக இருந்தால் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்தாவது இறங்கிவிடுவேன் என்கிறார்.

கால்வாயைத் தூர் வாரி, வளைவுக்கு மேலே சாலைக்குக் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி மூடி போட்ட வடிகால் வையுங்கள். மேலிருந்து வருகிற தண்ணீர் அங்கேயே பிரிந்து ஓரத்துக்குப் போய்விட்டால் கீழே பாதித் தொல்லை தீரும்.

கான்கிரீட் முழுப் பலம் பிடிக்க 28 நாள் ஆகும், அதுவரை பதினொரு வீட்டுக்காரர்கள் எங்கே போவார்கள் என்று உங்கள் அதிகாரி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாதி அகலத்தை முதலில் போடுங்கள், மறுபாதியில் மோட்டார் போகும். கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர்தான், அவர்கள் கீழே பள்ளித் திடல் ஓரம் நிறுத்திக்கொள்கிறோம் என்று சம்மதித்துவிட்டார்கள். பள்ளியிலும் கேட்டாகிவிட்டது. பின்பக்கத்துச் செம்மண் பாதை மழையில்லாத நாளில் லோரிக்கே தாங்கும்.

தைப்பூசத்துக்கு முன் முடியாதே என்பீர்கள். முடியாவிட்டால் பரவாயில்லை. இது கோயில் நிர்வாகத்தைக் கேட்காமல் நான் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம், கேட்டுவிட்டேன். போன தைப்பூசத்தில் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் மறக்கவில்லை. வடம் பிடித்து ரதத்தை இழுத்துக்கொண்டு ஏறுகிறோம். ஐந்தடி இழுத்ததும் பின்சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைக்க வேண்டும், அப்புறம் மூச்சு வாங்கி மறுபடி ஐந்தடி. என் தங்கை மகனும் இன்னொரு பையனும் ஆளுக்கொரு முட்டுக்கட்டையோடு சக்கரத்தோடு சக்கரமாக நடந்தார்கள். அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். வளைவுக்கு அருகில் முட்டுக்கட்டை தாரோடு சேர்ந்து வழுக்கியது. ரதம் ஒரு சாண் பின்னால் வந்தது, ஒரு சாண்தான். வடம் பிடித்திருந்த அறுபது பேரும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பையன் கையை இழுத்துக்கொண்டான், கட்டை நசுங்கியது. அந்தக் கட்டையைக் கோயில் ஸ்டோரில் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் முழுக்கத் தார் அப்பிக் கிடக்கிறது. வரும் ஆண்டு ரதத்தைக் கீழே பள்ளித் திடலிலேயே நிறுத்தி, மூலவருக்கு மேலே, உற்சவருக்குக் கீழே என்று பூசை பண்ணிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

செலவு அதிகம் என்பதும் தெரியும். தாரை விடக் கான்கிரீட்டுக்கு முதலில் அதிகம்தான் ஆகும். ஒன்பது ஆண்டில் போட்ட நான்கு தாருக்கும் ஒட்டுக்கும் எவ்வளவு ஆயிற்று என்று உங்கள் கோப்பிலேயே இருக்கும். அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தால் செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். பலகையும் ரசமட்டமும் எடுத்து வருகிறேன், நீங்களே வைத்து அளந்து பாருங்கள், நடுவில். காரைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். தோல் சப்பாத்து வேண்டாம், ரப்பர் அடி உள்ளதாகப் போட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
துரை மேட்டுப் பழைய லோரிக்காரன்